தங்கச்சி கைக்கு ஒரு துப்பாக்கி

என் தங்கையின் வீட்டுக்காரர் யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். வாங்க, உட்காருங்க எல்லாம் அதற்கு அப்புறம்தான். பரிசம் போட வந்த அன்றைக்கே, வெற்றிலைத் தட்டை நீட்டிய என்னிடம், "இன்னா மச்சான், கையக் காட்டு" என்று உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "பேனா புடிக்கிற கை. நடுவிரல்ல காப்பு காச்சிருக்குது பாரு" என்று கூட்டத்துக்கே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. மாட்டுத் தரகன் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி, இவனுக்கா நம் பெண்ணைக் கொடுக்கிறோம் என்று அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் தங்கை கடைசிவரை அவர் பெயரைச் சொன்னதில்லை. யுத்த காலத்தில் ரேஷன் கார்டு எழுத வந்த குமாஸ்தா கேட்டபோதுகூட வாசலில் மாட்டியிருந்த மண்டிப் பலகையைக் கை காட்டினாள். அவள் சொல்லாத பெயரை நான் எதற்குச் சொல்ல வேண்டும்? எனக்கு அவர் மாப்பிள்ளை. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருந்தார். நான் விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. மூட்டை ஏற்ற வேகன் கிடைக்காத நாட்களில் ரயிலேறி வந்து என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்துகொள்வார். பேசவும் மாட்டார், எழுந்திருக்கவும் மாட்டார். வேகனைக் கொடுத்து அனுப்பினால்தான் எனக்கு விமோசனம்.

ஒரு சாமான் வாங்குவதென்றால் அவரோடு போகிறவன் செத்தான். பொருள் நல்லதா என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். அதைப் பிடிக்கப்போகிற கை யாருடையது என்பதுதான் பேச்சு. மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் வைத்திருக்கிற இரும்புக் கொக்கி இருக்கிறதே, அதற்கு ஆளாளுக்குத் தனித்தனியாக மரப்பிடி போட்டுக் கொடுத்தவர் அந்த ஊரிலேயே அவர் ஒருத்தர்தான். தங்கைக்கு வாங்கிய அரிவாள்மணையை, குமிழ் உயரமாக இருக்கிறதென்று கொல்லனிடம் திரும்பத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். கொல்லன் அவரைத் தூரத்தில் கண்டாலே உலையை அணைத்துவிட்டு ஓடுவான் என்று ஊரில் கேலி பேசினார்கள்.

"இவ்ளோ பாக்கறவரு பொண்ணு மட்டும் எப்படி ஒரே நாள்ல பாத்து முடிச்சீங்க?" என்று நான் ஒருமுறை சீண்டினேன்.

"யாரு ஒரே நாள்ல முடிச்சது? அதுக்கு முன்னாடியே பாத்துட்டேன் மச்சான். கோலியனூர்ப் பக்கம் வண்டில போய்க்கினு இருந்தேன். உங்க சோளக்கொல்லையில பரண் மேல நின்னுக்கினு கவண் சுத்திச்சு. கல்லு நேரா கிளிக் கூட்டத்துக்கு நடுவுல வந்து விழுந்துது. அத்தினியும் பறந்துபூடுச்சு. ஒரு கிளி மேல படல. அந்தக் கை எனக்கு வேணும்னு அப்பவே நெனச்சிக்கினேன்."

இதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போயிற்று.

அந்தக் கைக்குத்தான் அப்படி ஒன்று நேர்ந்தது. அவர்களுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை, நாலு வயது. ஒரு வெள்ளிக்கிழமை, குழந்தைக்குத் தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்து, தண்ணீர் மொள்ளும்போது தனியாக விட வேண்டாமே என்று கையோடு பிடித்துக்கொண்டு தோட்டத்துக் கிணற்றுப் படியில் இறங்கியிருக்கிறாள். குழந்தைக்குப் படியில் கால் வழுக்கியது. தங்கை கையை விடவில்லை. இறுக்கித்தான் பிடித்திருந்தாள். எண்ணெய்க் கை. பிடியிலேயே நழுவிப் போய்விட்டது. மண்டி ஆட்கள் குதித்து எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் அவள் எதையும் பிடிக்கவில்லை. பிடித்தால் கை நடுங்கும், நடுங்கினால் சாமான் விழும். சொம்பு விழுந்தது, விளக்கு விழுந்தது. "என் கை ஆவாத கைண்ணா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள், பிறகு அதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். சமையலுக்கு ஓர் ஆள் வைத்தார்கள். மேல்மலையனூர் கோயிலுக்குப் போனோம். மந்திரித்தோம். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளை ஒரு கவண் பின்னிக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். அது வைத்த இடத்திலேயே கிடந்தது. ஒரு வருஷத்துக்கும் மேல் இப்படியே போயிற்று. அவளைப் பார்த்துவிட்டு ரயிலேறும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

ஒரு மாறுதலாக இருக்கட்டுமே என்று மாப்பிள்ளை அவளை விழுப்புரத்துக்கு என் குவார்ட்டர்சுக்கு அழைத்து வந்தார். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் கரிச்சாம்பல் கொட்டிக் கொட்டி ஒரு மேடு வளர்ந்திருக்கும். அதன்மேல் பீர் பாட்டில்களை அடுக்கிவைத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஓர் ஆங்கிலோ-இந்திய என்ஜின் டிரைவர் கைத்துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருப்பார். வேடிக்கைக்குத்தான். அந்தத் தோட்டா சுண்டுவிரல் நகம் அகலம்கூட இராது. பெரிய துப்பாக்கித் தோட்டாவுக்குப் பின்பக்கத்து நடுவில் அடி விழ வேண்டும், இதற்கு விளிம்பில் தட்டினாலே போதும், வெடிக்கும். சத்தம் ஓலைப்பட்டாசு அளவுதான், கையையும் உதறாது. நாங்கள் மூவரும் வேலியோரம் நின்றோம். டிரைவர் சுட்டார், பாட்டில் அசையவில்லை. மறுபடி சுட்டார். அசையவில்லை.

"மேல போவுது" என்றாள் என் தங்கை.

யார் பேசினார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அந்தப் பாட்டிலுக்குப் பின்னால், சாம்பல் மேட்டில் புழுதி கிளம்பிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை புழுதியையும் பார்க்கவில்லை, பாட்டிலையும் பார்க்கவில்லை. முந்தானைக்கு வெளியே வந்திருந்த அவள் வலதுகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆபீசுக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். வேகனுக்காக இல்லை.

"மச்சான், அந்த மாதிரி ஒண்ணு வாங்கணும்."

"யாருக்கு?"

"உன் தங்கச்சிக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கூட்டைத் தட்டிவிட்டேன். "புத்தி கெட்டுப்பூடுச்சா மாப்ள? இருக்கற நெலமையில அவ கையில துப்பாக்கியா? எங்கனா எக்குத்தப்பா ஆச்சுன்னா?" எதைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது.

"வீட்ல கெணறு இருக்குது. உத்தரம் இருக்குது. அரிவாமணை நானே வாங்கிக் குடுத்தேன். நீ பயப்படற அதே பயம் எனக்கும் இருக்குது மச்சான். தூங்கியே எவ்ளோ நாளாச்சு தெரியுமா? ஆனா நேத்து அவ கை வெளிய வந்துது. நீ பாக்கல, நான் பாத்தேன்."

என் அப்பா அவர் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். பைத்தியத்துக்குப் பைத்தியம் வைத்தியம் பார்க்கிறதாம் என்று அனந்தபுரத்திலிருந்து வந்த பெரியம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

லைசென்ஸ் தாசில்தார் விசாரணைக்கு வந்தது. மண்டிப் பணத்தோடு வண்டியில் போய் வருகிறவர், தற்காப்புக்கு என்று மனுப் போட்டிருந்தார். விளையாட்டாகச் சுடுவதற்கும் என்று கீழே சேர்த்து எழுதியிருந்தார். நான் எழுத வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. என்ன துப்பாக்கி என்று தாசில்தார் விசாரித்தார். சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதைக் காட்டினா திருடன் சிரிப்பான்யா."

"சிரிச்சிக்கினே போவட்டும்ங்க" என்றார் மாப்பிள்ளை. லைசென்ஸ் அவர் பேரில் கிடைத்தது.

டிரைவரே தன் சிநேகிதர்களிடம் சொல்லி மூன்று துப்பாக்கிகளை வரவழைத்தார். புதுச்சேரியிலிருந்து வரிகட்டாமல் கொண்டுவந்து தருகிறேன் என்று வேறொருத்தன் வந்தான், அவனை மாப்பிள்ளை வாசலோடு அனுப்பிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, மூன்றையும் குண்டில்லாமல் வரிசையாக வைத்தார்கள். தங்கை தள்ளி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை தனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து அவள் மடியில் வைத்தார்.

முதலாவது ரிவால்வர். உருளை சுற்றும், பார்க்க ஜோராக இருக்கும். அவள் விரலை விசைக் குதிரைமேல் வைத்து அவர் அழுத்தச் சொன்னார். குதிரை அவ்வளவு கனம். அவள் அழுத்த அழுத்தக் குழாயின் மூக்கு தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டே போயிற்று. "அம்மா கை சின்னது மேன், இது வேணாம்" என்றார் டிரைவர்.

இரண்டாவது தானாகவே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்கிற ஜாதி. மேல்மூடியைப் பின்னால் இழுக்க வேண்டும், அவளால் இழுக்க முடியவில்லை. டிரைவருக்கு அதன்மேல்தான் ஆசை. கைப்பிடியிலிருந்து குண்டுப் பெட்டியை உருவி, "பாரு, காலி" என்று காட்டினார். அப்படிக் காட்டிவிட்டு, அவரே நேர்மையாக இன்னொன்றும் சொன்னார். பெட்டியை எடுத்த பிறகும் குழாய்க்குள் ஒரு குண்டு உட்கார்ந்திருக்கலாம், வெளியில் தெரியாது. மாப்பிள்ளை அதை வாங்கித் துணியில் சுற்றி டிரைவர் பக்கம் தள்ளிவைத்தார். "காலின்னு சொல்லிட்டு உள்ள ஒண்ண வெச்சிக்கினு இருக்கற சாமான் எங்க வீட்டுக்கு வேணாங்க."

மூன்றாவது கிழம். நீளக் குழாய், மங்கிப்போன இரும்பு, தடித்த மரப்பிடி. ஒரு தடவைக்கு ஒரே குண்டு. குழாயை மடித்துத் திறந்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும். குண்டு இருக்கிறதா இல்லையா என்று குருடன்கூடத் தடவிச் சொல்லிவிடலாம். குதிரை மெத்தென்று இருந்தது. தங்கை அதைத் திறந்தாள். கண்ணருகே கொண்டுபோய்க் குழாய் வழியாக ஜன்னலைப் பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்து பார்த்தாள். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கீழே போடவில்லை.

"பிடி பெருசா இருக்குது" என்றாள், யாரையும் பார்க்காமல்.

மாப்பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? திண்டிவனம் போன கையோடு சமையல்கட்டில் புகுந்து, உப்புப் போட்டு இடித்துவைத்த புளியில் ஓர் உருண்டையை எடுத்து வந்தார். துப்பாக்கியைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடி என்று அவள் கையில் கொடுத்தார். களிமண் காய்ந்தால் வெடித்துவிடும், மெழுகு வெயிலில் உருகிவிடும், புளிதான் பிடித்த பிடியை விடாது என்பது அவர் கணக்கு. ஐந்து விரலும் உள்ளங்கைக் குழியும் அப்படியே அதில் பதிந்தன. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடிச் சில்லால் அந்த மரப்பிடியை நாள்கணக்கில் சுரண்டினார். மண்டி பாட்டுக்கு நடந்தது. சுரண்டுவார், கூப்பிடுவார், "கையக் காட்டு" என்பார், பிடித்துப் பார்க்கச் சொல்வார், மறுபடி சுரண்டுவார். முடிந்தபோது அந்தப் பிடியை என்னால் பிடிக்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை. புளி உருண்டையை உப்பு ஜாடியில் போட்டு மூடிவைத்தார், பிடி உடைந்தால் மறுபடி செதுக்க அளவு வேண்டுமே என்று.

மண்டிக்குப் பின்னால் மல்லாட்டை காயப்போடுகிற களம். களத்துக்கு அந்தப்புறம் ஏரிக்கரை, குண்டு போனால் மண்ணில் புதையும். மூட்டைகள்மேல் காலி எண்ணெய் டின்களை நிறுத்தினார். முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. அடுத்ததில் கண்ணை மூடிக்கொண்டு சுட்டாள். எத்தனை வாரம் கழித்து டின்னில் பட்டது என்று எனக்கு நினைவில்லை, பட்டபோது அது எழுப்பிய ஓசை நினைவிருக்கிறது. மாப்பிள்ளை குழந்தை மாதிரி ஓடிப்போய் டின்னைத் தூக்கிவந்து, ஓட்டை வழியாக எங்களைப் பார்த்தார். அவர் மட்டும் கடைசிவரை ஒரு டின்னைக்கூட அடித்ததில்லை. டின்களை நிமிர்த்திவைப்பதுதான் அவர் உத்தியோகம்.

ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் திண்டிவனம் போனேன். வீட்டில் தங்கை இல்லை. அலமாரி திறந்துகிடந்தது, துப்பாக்கிப் பெட்டி காலி. மாப்பிள்ளை மண்டியிலிருந்து அப்போதுதான் வந்தார். நான் ஒரே ஓட்டமாகக் கிணற்றுக்கு ஓடினேன். அங்கே யாருமில்லை. திரும்பி வந்தால், களத்தில் அவள் கால் நீட்டி உட்கார்ந்து, எண்ணெய்த் துணியால் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவர் நின்றிருந்தார்.

"நீ கெணத்துக்கு ஓடின. நான் களத்துக்கு வந்தேன். அவ்ளோதான் மச்சான்" என்று சிரித்தபடி என் தோளில் கை வைத்தார். அந்தக் கை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அடுத்தவர் கையைப் பற்றி அவ்வளவு பேசினவர் தன் கையை மட்டும் அன்றைக்கு மறைக்கத் தெரியாமல் நின்றார்.

அவள் நடுக்கம் எப்போது நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருநாள் மோர் கடைந்தாள். ஒருநாள் சமையல்கார அம்மாளை, "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொட மாட்டாள். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. இன்னொரு குழந்தை பிறக்கவில்லை. யுத்தம் வந்தது, தோட்டா கிடைக்காமல் போயிற்று, டிரைவரும் மாற்றலாகிப் போனார். துப்பாக்கி துணிக்குள் தூங்கியது. மாதம் ஒருமுறை எடுத்துத் திறந்து, வெளிச்சம் பார்த்து, துடைத்து வைப்பாள்.

யுத்தம் முடிவதற்குள் அவர் முடிந்துவிட்டார். மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தார். வலது பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது, பேச்சும் போயிற்று. சில மாதங்கள் கிடந்தார். தங்கைதான் கஞ்சி ஊட்டினாள், துடைத்தாள், புரட்டிப் போட்டாள். நான் போனால் இடதுகையால் என் கையை இழுத்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்ப்பார். காப்பு காய்த்த விரலைத் தடவுவார். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் கண்ணில் நீர் வழியும். ஒரு சொட்டுக் கஞ்சி சிந்தாமல் ஸ்பூன் பிடித்திருக்கிற என் தங்கை கையைத்தான் கடைசி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பத்தாம் நாள் தங்கையின் வளையல்களை உடைத்தார்கள். நீட்டு என்றதும் இரண்டு கைகளையும் ஆடாமல் நீட்டினாள்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்தார். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும், ஏட்டுமேல் தப்பில்லை. அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. தங்கை துப்பாக்கியைக் கொண்டுவந்து, மடித்துத் திறந்து, காலியாக இருப்பதைக் காட்டி, மூடிக் கொடுத்தாள். ஏட்டு வாங்கிப் பிடித்துப் பார்த்தார். விரல்கள் எங்கேயும் உட்காரவில்லை.

"இன்னாம்மா இது, புடிக்கவே பேஜாரா இருக்குது?"

"அது என் கைக்குப் பண்ணதுங்க."

"லைசென்ஸ் அவர் பேர்லதானே?"

"ஆமாங்க. அவர் பேர்லதான்."

ஏட்டு சாக்குத்துணியில் சுற்றி, சைக்கிளில் கட்டி எடுத்துப்போனார். தங்கை தெருமுனைவரை பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்து, வெறும் கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, பழைய சுவரோரம் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் அந்த மனுஷன் பட்ட பாடெல்லாம் ஒரு சைக்கிளில் ஏறிப் போய்விட்டதே என்று நினைத்தேன்.

பதினாறாம் நாள் கருமாதி. வீடு நிறையச் சொந்தம். ரேஷன் காலம், புளி தட்டுப்பாடு. குழம்பு வைக்கிற இடத்தில் அனந்தபுரத்துப் பெரியம்மா, "புளி போதாதே, யாரையாவது கடைக்கு ஜல்தியா அனுப்பேன்டா" என்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த தங்கை எழுந்தாள். உள்ளே போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்து அந்த உருண்டையை வெளியில் எடுத்தாள். கறுத்து, உப்புப் பூத்து, கல்லாகக் கிடந்தது. ஐந்து விரல் பள்ளங்களும் அப்படியே இருந்தன.

"அம்மாடி, அது வேணாம்" என்று ஓடிப்போய்த் தடுத்தேன். "அது மாப்ள எடுத்து வெச்ச அளவு."

அவள் அதை ஒருதரம் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் பள்ளங்களில் போய் உட்கார்ந்தன. பிறகு தண்ணீர்ச் சட்டியில் போட்டாள்.

"அளவு எதுக்குண்ணா இனிமே? பாக்கறவரு போயிட்டாரு."

அது ஊறுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. பக்கத்திலேயே உட்கார்ந்து, அவளே தன் கையால் பிசைந்து பிசைந்து கரைத்தாள். பந்தியில் எல்லாரும் குழம்பில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றார்கள்.